எங்கள் வட்டாரத்தை இணைக்கும் பொது வசதி: பிரிக்பீல்ட்ஸ் மஞ்சள் கற்கள்

கேள்வி: உங்கள் வட்டாரத்தில் நீங்கள் மிகவும் மதிக்கும் பொது வசதி எது? அது அங்குள்ள மக்களை எப்படி இணைக்கிறது?

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கிறேன். இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. 1904ல் கட்டிய விவேகானந்தா ஆசிரமம், 1894லிருந்து இருக்கும் பௌத்த மகா விகாரை, பக்கத்திலேயே கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம், தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை. ஆனாலும் எது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைத்தான் சொல்வேன்.

பார்வை இல்லாதவர்கள் காலாலும் கைத்தடியாலும் வழி அறிந்து நடப்பதற்காகப் பதித்தவை அவை. இரண்டு வகை உண்டு. நீளமான மேடுகள் உள்ள கல் என்றால் ‘இப்படியே போகலாம்’. வட்டப் புள்ளிகள் உள்ள கல் என்றால் ‘நில், கவனி’: முன்னால் சாலை இருக்கலாம், படி இருக்கலாம், பாதை திரும்பலாம். ஜப்பானில் மியாகே செய்இச்சி என்பவர் 1965ல் உருவாக்கிய முறை இது. 1967 மார்ச் 18ம் தேதி ஓக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலில் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க இருக்கிறது. நம்மில் பலர் அது நடைபாதைக்கு ஏதோ அழகுக்காகப் போட்டது என்று நினைத்து, அதன் மேலேயே நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கற்களுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே தெபிங் சாலையில்தான் இருக்கிறது. பிரெய்ல் படிப்பு, தடி பிடித்து நடக்கும் பயிற்சி, மசாஜ் தொழில், கணினி என்று கற்றுக்கொள்ள நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பயிற்சி முடிந்த பிறகும் பலர் இங்கேயே அறை எடுத்துத் தங்கிவிடுகிறார்கள். அவர்கள் வேலை செய்யும் மசாஜ் நிலையங்களை இந்த வட்டாரத்தில் பல இடங்களில் பார்க்கலாம். 2001ல் கே.எல். சென்ட்ரல் திறந்து, 2003ல் மோனோரயிலும் வந்தபின், யார் துணையும் இல்லாமல் அவர்களால் நகரம் முழுக்கப் போய்வர முடிகிறது. வீட்டு வாசலிலிருந்து ரயில் வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச தூரம்தான் கஷ்டம். அந்தத் தூரத்துக்குத்தான் மஞ்சள் கற்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அப்பாவால். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் (நீரிழிவு) நெடுநாளாக இருந்தது. கண்ணின் விழித்திரையைத் தின்றுவிட்டது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019ல் நாடு தழுவி எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம்.

பார்வை போனபின் அப்பா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டிருக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். கடைத்தெருவில் நாலு பேரிடம் பேசாமல் அவருக்குப் பொழுது போகாது. அப்படிப்பட்டவர் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருந்ததைப் பார்க்க அம்மாவால் தாங்கவில்லை. உறவினர் ஒருவர் சொல்லித்தான் தடிப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம்.

அந்தப் பயிற்சி நான் நினைத்ததைவிட நுணுக்கமானது. தடியை நிமிர்த்தி வைத்தால் நெஞ்செலும்பு வரைக்கும் வர வேண்டும். நடக்கும்போது தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக இரண்டு பக்கமும் தட்ட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது தடியின் நுனி வலது பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்து வலது காலை வைக்கப்போகும் இடத்தைத் தடி முன்கூட்டியே பார்த்துவிட்டிருக்கும். காதுக்கும் பயிற்சி உண்டு. கடை வரிசையின் அஞ்சடிக்குள், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதைக்குள், நுழைந்ததும் தடியின் சத்தம் மாறும். மேலே கூரையும் பக்கத்தில் சுவரும் இருப்பதால் எதிரொலி கூடும். வெளியே திறந்த இடத்துக்கு வந்தால் சத்தம் மெலிந்துவிடும். எந்தக் கடை தாண்டுகிறது, எங்கே சந்து வருகிறது என்று அப்பா இப்போது அதை வைத்தே சொல்கிறார். நானும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். எனக்கு லாரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இனி இணைப்பது பற்றி. வெறும் கல் எப்படி மக்களை இணைக்கும்?

மற்ற பொது வசதிகளை அரசாங்கம் கட்டிக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நடக்கும். ரயில் ஓடும், விளக்கு எரியும். மஞ்சள் கல் அப்படி இல்லை. அதன் மேல் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், அந்தப் பாதை முழுவதும் வீண். தெருவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் விட்டுக்கொடுத்தால்தான் அது வேலை செய்யும். கடைக்காரர், அங்காடிக்காரர், சாப்பாடு கொண்டுபோகும் பையன், சாமான் இறக்கும் லாரிக்காரர் எல்லாரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டிய வசதி இது.

அப்பா வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு பூக்கடை இருக்கிறது. மாலை கட்டும் அக்காவுக்கு இருப்பது சின்ன இடம். பூ வாளி, வாழை இலைக் கட்டு, தேங்காய்க் கூடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் மஞ்சள் கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அவருடைய கடை முடியும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலும் அந்த எல்லையை அவர் தாண்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் இலை இறக்க வந்த தம்பி கட்டைத் தூக்கிக் கல்லின் மேலேயே போட்டுவிட்டார். அக்கா கையில் இருந்த நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே எழுந்தார். “தம்பி, அங்க வைக்காத லா. ஐயாமாருங்க நடக்கிற பாதை. தூக்கி இந்தப் பக்கம் வை.” அந்தத் தம்பிக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. “இதுக்குத்தானா இந்தக் கல்லு?” என்று கேட்டுவிட்டு, கட்டை எடுத்து வைத்தார். காலால் இலைச் சருகையும் தள்ளிவிட்டுத்தான் போனார்.

அடுத்த முக்கில் உள்ள மினி மார்க்கெட்டில் வங்காளதேசத்துப் பையன் ஒருவர் வேலை செய்கிறார். தமிழ் வராது. வாசலில் பெட்டி அடுக்கியிருக்கும் நாளில் அப்பாவின் தடிச் சத்தம் கேட்டதும் வெளியே வந்து “பாக்சிக், கானான், கானான்” என்பார். அதாவது பெரியவரே, வலது பக்கம் போங்கள் என்று மலாயில். காப்பிக் கடைச் சீனர் கண்டால் “அங்கிள், லெஃப்ட், லெஃப்ட்” என்பார். அப்பாவுக்கு இவர்கள் யாருடைய முகமும் தெரியாது. பார்வை போனபின் பழகியவர்கள். குரலை வைத்து எல்லாரையும் அடையாளம் சொல்வார், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது வரைக்கும். பார்வை இருந்த காலத்தைவிட இப்போதுதான் தெருவில் அவருக்குப் பழக்கம் அதிகம் என்று அம்மா சொல்வது உண்மைதான்.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒருமுறை குழாய் பதிக்கத் தோண்டிய குத்தகையாளர் மறுபடி மூடும்போது கற்களைத் திசை மாற்றிப் பதித்துவிட்டார். நேராகப் போக வேண்டிய கோடு ஒரு கம்பத்தில் போய் முட்டியது. அப்பாவுக்கு முழங்காலில் காயம். அந்த வரிசைக் கடைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துப் போட்டதும் ஆளுக்கு ஒன்றாக மாநகராட்சிக்குப் புகார் போனது. சரியாகும் வரை முடிதிருத்தும் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பத்துக்கு முன்னால் போட்டுவைத்தார், தடியில் தட்டுப்படட்டும் என்று. பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டபின் கற்களைச் சரியாகப் பதித்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் எனக்கு மனவருத்தம் தருகிறது. புதிய கட்டடங்களின் முன்னால் அழகுக்காக அதே கற்களைச் சாம்பல் நிறத்தில் பதிக்கிறார்கள், அல்லது எவர்சில்வர் குமிழ்களை வைக்கிறார்கள். பார்வை இழந்தவர்கள் என்று நாம் சொல்பவர்களில் பலருக்கு மங்கலாகக் கொஞ்சம் தெரியும். வெளிச்சம் தெரியும், அடர்ந்த நிறம் தெரியும். கறுத்த தரையில் பளிச்சென்ற மஞ்சள் அவர்களுக்கு ஒரு கோடாகவாவது தெரியும். சாம்பலில் சாம்பலைப் பதித்தால் அந்த மிச்சப் பார்வைக்குப் பயனே இல்லை. மஞ்சள் கண்ணை உறுத்துகிறது என்கிறார்கள். உறுத்த வேண்டும் என்பதற்காகத்தானே அந்த நிறம்!

சட்டம் இருக்கிறது. 2008ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. அந்த உரிமையைத் தடுப்பவருக்கு என்ன தண்டனை என்பதை அது சொல்லாமல் வந்தது. அதனால் கடைசியில் பூக்கடை அக்காவின் குரல்தான் சட்டத்தின் வேலையையும் செய்கிறது. அவர் மேல் அவ்வளவு பாரத்தைப் போடுவது சரியில்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதைத் தடுக்க மாநகராட்சி அமலாக்க அதிகாரிகள் அடிக்கடி வர வேண்டும்.

வேறு வசதிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 1905ல் தொடங்கிய ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் இங்கே காது கேளாதோருக்கென்று ஒரு குழுவை நடத்துகிறது. அதன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் சைகையிலேயே ‘தே ஓ’ (பால் இல்லாத தேநீர்) கேட்டு வாங்குபவர்களைப் பார்க்கலாம். பரிமாறுகிறவர்களுக்கும் கொஞ்சம் சைகை மொழி வந்துவிட்டது. யாருக்காகவோ ஏற்படுத்திய வசதி, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பெரிய பெரிய மால்களில் எனக்கு இது கிடைத்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தடியோடு ஒருவர் சாலை ஓரம் நின்றால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தடியைப் பிடிக்கவே கூடாது. அது அவருக்குக் கண். முதலில் பேசுங்கள், “உதவி வேணுங்களா?” என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அவர் பிடித்துக்கொண்டு அரை எட்டுப் பின்னால் வருவார். உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும். “இங்க வாங்க, அங்க பாத்து” என்பது உதவாது. வலது, இடது, ரெண்டு படி மேலே என்று சொல்லுங்கள். விடைபெறும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அவர் காற்றோடு பேசிக்கொண்டு நிற்க வேண்டிவரும், அப்பாவுக்கு அது பலமுறை நடந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது பார்வை குறைந்துகொண்டே வருகிறது என்றால், முழுதாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொஞ்சம் தெரியும்போதே தடிப் பயிற்சிக்குப் போனால் கற்றுக்கொள்வது எளிது. மருத்துவரின் உறுதிச் சான்றோடு சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில், பஸ் கட்டணத்தில் சலுகை உண்டு. இனிப்புநீர் உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). கேமரா அங்கேயே இல்லாவிட்டால் இருக்கும் இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் அன்றைக்கு வண்டி ஓட்டிப் போகாமல் வீட்டிலிருந்து யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.