விறகடுப்புப் புகையும் கணக்கில் வரும்

அம்மா பீடி, சிகரெட் தொட்டதில்லை, எக்ஸ்ரேயும் நார்மல், அப்புறம் எப்படி சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைபட்டு மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) வரும்னு கேட்டிருக்கீங்க. 30 வருஷம் விறகடுப்பில் சமைச்சாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே! ஊதுகுழலோட குனிஞ்சு ஊதுறப்போ புகை நேரா முகத்துக்குத்தான் வரும். முன்னாடி டிபி வந்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஆரம்பத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் ஒண்ணும் காட்டாது. ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதச் சொல்லி மூச்சை அளக்கிற டெஸ்ட், எடுக்கணுமான்னு கேளுங்க. இன்ஹேலர் மருந்து கொடுத்துட்டு மறுபடி முழு மூச்சையும் வேகமா ஊதச் சொல்வாங்க. வெளியே வந்த மொத்தக் காத்தில் முதல் செகண்டில் வந்தது 70 சதவீதத்துக்குக் கீழேன்னா மூச்சுக்குழாய் அடைப்பு இருக்கு. எங்க அத்தை மூணு தடவை ஊதிட்டு, "அடுப்பு ஊதுறதே தேவலை"ன்னாங்க.

கால் வீக்கமும் இருந்தா இதயத்தையும் பார்த்துடுங்க.