இங்கிலாந்தில் ஏழாம் வகுப்புக்கான பள்ளி ஒதுக்கீடு: மேல்முறையீட்டுக்கு முன்

வணக்கம். ஆஸ்துமா உள்ள உங்கள் மகளுக்கு, இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய பள்ளி மார்ச் 1ஆம் தேதி ஒதுக்கப்பட்டதாகவும், அதை மறுத்தால்தான் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள், கிடைத்த இடத்தை ஏற்பதால் இங்கிலாந்தில் மேல்முறையீட்டு உரிமை சிறிதும் குறையாது, மறுத்தாலோ கையில் எந்தப் பள்ளியும் இல்லாமல் போகலாம். விரும்பிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் அவள் பெயர் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

மேல்முறையீட்டைக் கேட்கும் சுயேச்சைக் குழு, சேர்க்கை விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்று முதலில் பார்க்கும். ஆகவே, தூரத்தைக் கணக்கில் எடுத்து இடம் ஒதுக்கியிருந்தால், உங்கள் வீட்டிலிருந்து விரும்பிய பள்ளிக்கான தூரத்தைக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) எப்படி அளந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து, கூடுதலாக ஒரு மாணவியைச் சேர்ப்பதால் பள்ளிக்கு நேரும் சிரமத்தையும் உங்கள் மகளின் தேவையையும் குழு சீர்தூக்கிப் பார்க்கும். அங்கே, ஒதுக்கப்பட்ட பள்ளியைக் குறைசொல்வது அநேகமாக உதவாது. மருத்துவரின் கடிதத்திலும் 'ஆஸ்துமா உள்ளது' என்ற ஒற்றை வரி போதாது. நீண்ட பயணம் அவளை எவ்வாறு பாதிக்கிறது, அருகிலுள்ள பள்ளி ஏன் தேவை என்பதை அவர் விளக்கியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை இன்றே கேட்டுவிடுங்கள். விசாரணைக்கு முன் ஆவணங்களைச் சேர்ப்பிக்கவும் கெடு உண்டு.