கணினியில் நன்றாக ஓடுகிறது, டிவிடியில் திக்குகிறது

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே ரகம். பதிலுக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே, டிவிடி மென்பொருள் உருவாக்கிய வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை விஎல்சி (VLC) என்ற கணினி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் திக்கினால் கோளாறு வீடியோவை டிவிடிக்கு மாற்றியதில் இருக்கிறது. அங்கே ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் டிஸ்க்கையோ பிளேயரையோ சந்தேகப்படலாம்.

மகளின் காதுகுத்தை செல்போனில் எடுத்து, ஊரில் இருக்கும் அப்பாவுக்காக டிவிடியாக்கினேன். கேமராவைத் திருப்பிய இடங்களில் எல்லாம் படம் விட்டு விட்டு ஓடுகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள், பெரும்பாலும் சேர்ந்தே வரும். செல்போன் ஒரே சீரான வேகத்தில் பதிவதில்லை. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) என்பதிலிருந்து தானாகவே குறைத்துக்கொள்ளும். டிவிடிக்கோ சீரான வேகம்தான் வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் (மாறும் வேகம்) என்று இருந்தால், முதலில் வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து 29.97 வைத்து மாற்றுங்கள்.

அடுத்தது, நம் ஊர்ப் பழக்கத்தில் பால் (PAL) என்ற டிவி முறையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது நொடிக்கு 25 ஃபிரேம். 30-ஐ 25 ஆக்க, ஆறு ஃபிரேமுக்கு ஒன்றை மென்பொருள் தூக்கிப் போடுகிறது. நொடிக்கு ஐந்து தடவை! கேமரா திரும்பும்போது மண்டபத்துத் தூண்கள் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போவது இதனால்தான். டிவிடி தயாரிக்கும் டிவிடி ஸ்டைலர் மென்பொருளில் என்டிஎஸ்சி (NTSC, நொடிக்கு 29.97 ஃபிரேம் முறை) என்று மாற்றி, 720×480 அளவில் செய்யுங்கள். இங்கே விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஓட்டும். 'இந்தியா என்றால் பால்தான்' என்பது ஆண்டெனா காலத்துக் கணக்கு.

பழைய மினிடிவி (MiniDV) கேமரா கேசட்டிலிருந்து எங்கள் கல்யாண வீடியோவை ஏற்றினேன். ஆள் அசையாமல் நின்றால் சரியாக இருக்கிறது. மாலை மாற்றும்போது கை முன்னும் பின்னும் நடுங்குகிறது.

அறிகுறியை நீங்கள் சொன்ன விதத்திலேயே பதில் இருக்கிறது. அந்தக் கால வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டு: ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் இன்னொன்று. மினிடிவி கீழ் ஃபீல்டை முதலில் காட்டும். மென்பொருள் மேல் ஃபீல்டு முதல் என்று நினைத்துக்கொண்டால், பிறகு நடந்தது முன்னால் வந்துவிடும். கை ஒரு அடி போய் அரை அடி திரும்பும். பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட் என்று வையுங்கள். கேசட்டின் 720×576 அளவுதான் பால் டிவிடியின் அளவும். அதனால் உயரத்தை மாற்றவே மாற்றாதீர்கள், மாற்றினால் ஃபீல்டுகள் கலந்துவிடும். எங்கள் வீட்டுக் கேசட்டில் இது புரிவதற்குள் ஆறு டிஸ்க் குப்பைக்குப் போனது. இப்போதெல்லாம் ஆட்கள் அதிகம் அசையும் ஒரு நிமிடத்தை மட்டும், அழித்து மறுபடி எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

தரம் நன்றாக இருக்கட்டும் என்று பிட்ரேட்டை உச்சத்தில் வைத்தேன். பழைய பிளேயர் தடுமாறுகிறது.

பிட்ரேட் என்பது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவின் அளவு. டிவிடியில் படத்துக்கு உச்சவரம்பு 9.8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). அதை ஒட்டியே போனால் பழைய பிளேயர்கள் மூச்சு வாங்கும். உச்சம் 8 போதும். இரண்டு மணி நேரப் படம் 4.7 ஜிபி டிஸ்க்கில் அடங்க, ஒலியும் சேர்த்து சராசரி 5-தான் வரும். சாதாரண செல்போன் வீடியோவுக்கு அதற்கு மேல் கொடுத்தும் பயனில்லை.

முதல் ஒரு மணி நேரம் பிரச்சினை இல்லை. கடைசியில்தான் சிக்குகிறது.

டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. ஆக, கோளாறு வெளி விளிம்பில். 16எக்ஸ் என்ற எழுதும் வேகத்தை விட்டுவிட்டு 4எக்ஸ் அல்லது 8எக்ஸில், நல்ல டிஸ்க்கில் எழுதுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதுவும் காரணமாகலாம். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சுழலும்போது டிஸ்க் ஆடும்.

8.5 ஜிபி டிஸ்க்கில் நடுவே ஒரே ஒரு இடத்தில் கணநேரம் நிற்கிறது.

அந்த டிஸ்க்கில் தரவு இரண்டு அடுக்காக இருக்கும்; பிளேயர் ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் அது. விட்டுவிடுங்கள்.