தெளிந்த ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் புளூகில், கிராப்பி மீன்களை எங்கே தேடுவது?

உங்கள் ஏரியில் கோடையில் பதினைந்து அடி ஆழத்திலும் அடித்தரை தெரிகிறது என்றும், கலங்கலான மற்ற ஏரிகளில் எளிதில் கிடைக்கும் புளூகில், கிராப்பி என்ற சிறு நன்னீர் மீன்கள் இங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தூண்டிலைத் தொடுவதில்லை என்றும், லைவ் சோனார் (ஒலியலையால் மீனின் அசைவை அந்தக் கணமே திரையில் காட்டும் கருவி) வாங்கினால்தான் இதற்கு வழி பிறக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்று எனக்கு முன்பே பலர் பதில் எழுதிவிட்டார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் செலவழிக்க முடியாதவன் பனிக்கட்டியின் மேல் கால் வைக்கவே தகுதியற்றவன் என்பது போன்ற அந்தப் பேச்சு என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நானும் மின்னசோட்டாவில், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களுக்குச் சற்று வெளியே வசிக்கிறேன். ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டுப் பழகி, இங்கே வந்தபின் இந்த மீன்பிடிப்பைக் கற்றுக்கொண்டவர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டு சொல்கிறேன்.

தெளிந்த தண்ணீரில் வெயில் ஆழம் வரை இறங்குகிறது. அதனால் நீர்ச்செடிகளும் ஆழத்தில் வளர்கின்றன. கலங்கலான ஏரியில் ஆறேழு அடியோடு செடி நின்றுவிடும் என்றால், உங்களுடையது போன்ற ஏரியில் பதினைந்து அடி, சிலவற்றில் இருபது அடி வரைகூடச் செடி இருக்கும். வரிச்சிப்பிகள் (zebra mussels என்ற, வெளியிலிருந்து வந்த சிறு சிப்பிகள்) பரவிய ஏரிகளில் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இம்மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரியில் 2005-லும் மினடோங்கா ஏரியில் 2010-லும் அவை கண்டறியப்பட்டன. அவை தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பதால் தண்ணீர் தெளிகிறது. செடி வரம்பு கரையிலிருந்து இன்னும் உள்ளே நகர்கிறது. பழைய ஆட்கள் தங்கள் தந்தையர் காட்டிய இடத்திலேயே துளை போட்டுவிட்டு, மீன் போய்விட்டது என்கிறார்கள். மீன் செடியோடு ஆழத்துக்கு நகர்ந்திருக்கிறது.

ஏரியைப் பனிக்கட்டி மூடிய பிறகு காற்றிலிருந்து தண்ணீருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பனிக்கட்டியை ஊடுருவி வரும் வெளிச்சத்தில் பச்சையாக இருக்கும் செடி கொஞ்சம் ஆக்சிஜனை உண்டாக்கும். பழுத்து அழுகும் செடியோ இருப்பதையும் தின்றுவிடும். பனிக்கட்டியின் மேல் சில அங்குலப் பனி படிந்தாலே வெளிச்சத்தின் பெரும்பகுதி தடைபட்டுவிடும் என்பதால், டிசம்பரில் மீன் நிறைந்திருந்த ஆழமற்ற வளைகுடா ஜனவரி இறுதியில் வெறுமையாகிவிடுவதும் உண்டு. ஆகவே நான் எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் தேடுவது பச்சைச் செடியைத்தான். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சற்றே பெரிய தூண்டில் முள்ளை ஈயக்குண்டோடு அடிவரை இறக்கி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நரிவால் போன்று அடர்ந்த இலைகளோடு, விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று ஒடிகிற கூன்டெயில் கொடி பச்சையாக வந்தால் அந்த இடத்தில் நில்லுங்கள். சில நேரம் அந்த இலைகளுக்கிடையே அரிசியளவு இறால் போன்ற சிற்றுயிர்கள் துள்ளும். புளூகில் அங்கே மேய்வது அவற்றுக்காகத்தான். பழுப்பேறிக் கொழகொழத்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தால் சாமானைக் கட்டிக்கொண்டு ஆழம் நோக்கி நடந்துவிட வேண்டும்.

சென்ற ஜனவரியில் ஒரு பிற்பகலில் என் மகளோடு இப்படிப்பட்ட ஏரி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஏரியின் பெயரைக் கேட்காதீர்கள். சிறிய ஏரி, பெயரை எழுதினால் அடுத்த வாரமே அங்கே இடம் இராது. எல்லாக் கூடாரங்களும் நடுவில், நாற்பது அடி ஆழத்தின் மேல் குவிந்திருந்தன. நாங்கள் கரைக்கும் அவர்களுக்கும் இடையில் நின்றுவிட்டோம். குமிழியில்லாத தெளிந்த பனிக்கட்டியாக இருந்ததால், மேலிருந்த பனியைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, என்னிடமிருந்த பழைய ஃபிளாஷரின் (ஆழத்தையும் மீனையும் ஒளிக்கோடுகளாக மட்டும் காட்டும் எளிய சோனாரின்) உணரியை அதன்மேல் வைத்தவுடன் துளையிடாமலேயே ஆழம் தெரிந்தது. பதினான்கு அடி. செடியின் வெளி விளிம்பு அங்கேதான் இருந்தது. தூண்டில் போடுவதற்கு முன்பே வரிசையாகத் துளைகளையெல்லாம் போட்டு முடித்துவிட்டோம். மீன் வந்து கூடிய பின்பு தலைக்கு மேல் துளைப்பான் இரைந்தால் தெளிந்த தண்ணீரில் அது நிற்காது. பிறகு நடமாட்டத்தை நிறுத்தி, கூடாரத்தின் சன்னல்களை மூடி, உள்ளே முழு இருட்டாக்கிக்கொண்டு துளைக்குள் குனிந்து பார்த்தோம்.

இதைச் செய்து பார்க்காதவருக்கு விளங்க வைப்பது கடினம். இருட்டில் துளை மட்டும் வெளிறிய பச்சையாக ஒளிர்ந்தது. பதினான்கு அடிக்குக் கீழே செடியின் நுனிகளும், அவற்றுக்கிடையே தெரிந்த மணல் திட்டும், மூன்று மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஜிக்கில் (எடைக்குண்டோடு சேர்ந்த சிறு முள்ளில்) கோத்த மெழுகுப்புழுவின் வெள்ளையும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு புளூகில் செடிக்குள்ளிருந்து வந்தது. புழுவுக்கு ஓரங்குலம் கீழே அசையாமல் நின்று, மார்புத் துடுப்புகளை மட்டும் விசிறிக்கொண்டு நெடுநேரம் பார்த்தது. பின்பு வாயைச் சட்டென்று திறந்தது, புழு மறைந்தது, மறுகணமே வெளியே வந்தது. “அப்பா, வாயில வச்சுட்டுத் துப்பிடுச்சு” என்றாள் மகள். தூண்டில் நுனியிலோ இரண்டு பவுண்டு நரம்பிலோ சிறு அசைவுகூட இல்லை. வெளியே உட்கார்ந்து நுனியையே பார்த்திருப்பவர், இங்கே மீனே இல்லை என்று எழுந்து போயிருப்பார். அதற்குப் பிறகு வெள்ளைப் புள்ளி மறைந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் உயர்த்தும்படி சொன்னேன். அன்று மாலை எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அளவுக்கு மீனை அவள்தான் பிடித்தாள். ஆயிரம் டாலர் திரையில் புள்ளியாகத் தெரிகிற மீன் எதைத் தின்றது, எதை ஏன் துப்பியது என்பதை அந்த ஒரு துளையில் அவள் கற்றுக்கொண்டாள் என்பதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. மகள் மீனைத் தூக்குவதைத் தொலைவிலிருந்து கவனித்த இருவர் வண்டியோடு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் கூடாரத்துக்குப் பத்தடி தள்ளித் துளைப்பானை ஓட்டத் தொடங்கினார்கள். அடுத்த அரை மணி நேரம் கீழே செடியும் மணலும் மட்டுமே தெரிந்தன. ஏரி பொதுச்சொத்து, எங்கே வேண்டுமானாலும் துளை போட உரிமை உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் அடித்தரை தெரிகிற ஏரியில் மேலே நடக்கும் ஒவ்வோர் அடியையும் மீன் அறியும் என்று தெரிந்தும் ஒரு குழந்தையின் பக்கத்தில் அதைச் செய்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கிராப்பிக்கு வேறு கணக்கு. அது பகலில் பெரும்பாலும் செடி விளிம்புக்கு வெளியே, ஆழமான பள்ளத்தின் சேற்றுத் தரைக்கு மேல் நிற்கும். அங்கே செந்நிறப் புழுக்கள் சேற்றிலிருந்து கிடைக்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் தரையை விட்டு எழும்பி நடுநீரில் மிதந்தபடி மேயும். தெளிந்த ஏரியில் வெயில் மறைவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு மணி நேரம் பகல் முழுவதையும்விட மதிப்புள்ளது. கிராப்பியின் கண்கள் மேல்நோக்கி அமைந்திருப்பதால் இரை அதற்கு மேலே ஓரிரண்டடி உயரத்தில் நிற்க வேண்டும். கீழே போய்விட்டால் அது திரும்பியும் பார்க்காது. இந்த உயரத்தை அறிய ஒரு சாதாரண ஃபிளாஷர் உதவும் என்பதை மறுக்கமாட்டேன். சோனாரே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லைவ் சோனார் இல்லாவிட்டால் முடியாது என்பதைத்தான் மறுக்கிறேன். மார்ச்சில் உருகுநீர் கரையோரத் துளைகள் வழியே இறங்கத் தொடங்கியதும் இரண்டு மீன்களும் ஆழமற்ற இடங்களுக்குத் திரும்பிவிடும். ஆனால் அப்போது பனிக்கட்டியை நம்பக் கூடாது. நடப்பதற்கு நான்கு அங்குலம் போதும் என்பது புதிய, தெளிந்த பனிக்கட்டிக்கு மட்டுமே பொருந்தும். வெள்ளைப் பனிக்கட்டி என்றால் இரு மடங்கு தடிமன் வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எடுத்துப் போவதிலும் கவனம் தேவை. மாநிலத்தின் பொது வரம்பு புளூகில் அடங்கிய சன்ஃபிஷ் வகைக்கு ஒரு நாளைக்கு 20 என்றாலும், 2021 முதல் பல ஏரிகளில் அது 10 அல்லது 5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முன் உங்கள் ஏரிக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஆண் புளூகில்கள்தான் கோடையில் கூடு காத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றுபவை. அவற்றையே பொறுக்கி எடுத்தால் சிறிய ஆண்கள் வளர்ச்சியை விட்டுவிட்டு முன்கூட்டியே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன; சில ஆண்டுகளில் ஏரி முழுவதும் உள்ளங்கை அளவு மீன்தான் மிஞ்சும். ஏழு அங்குல மீன்களை எடுத்துக்கொண்டு ஒன்பது அங்குல மீன்களைத் திருப்பி விடுங்கள். பள்ளத்தில் முப்பது அடிக்குக் கீழிருந்து இழுத்த கிராப்பிக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் காற்றுப்பை விரிந்து வயிறு உப்பிவிடுவதால் கீழே இறங்க முடியாமல் துளையிலேயே மிதக்கும். விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அங்கே சமையலுக்கு வேண்டிய அளவு கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, பிடித்து விடும் ஆசை மிச்சமிருந்தால் பதினான்கு அடிச் செடி விளிம்புக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.