நாஸின் ‘இல்மாட்டிக்’: எந்தப் பாட்டில் எதைக் கவனிப்பது?

அமெரிக்க ராப் கலைஞர் நாஸ் 1994-இல் வெளியிட்ட இந்த முதல் ஆல்பத்தை முதல்முறை கேட்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

மொத்தம் 10 தடங்கள், சுமார் 40 நிமிடம். ஷஃபிளை அணைத்துவிடுங்கள்; முதல் தடத்தின் ரயில் இரைச்சல்தான் அடுத்த பாட்டுக்கு வாசல். அந்த ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ தான் என்னைக் கேட்டால் உச்சம். இந்தப் பாட்டின் இசையை அமைத்த டிஜே பிரீமியர் ஒரு சின்ன பியானோத் துணுக்கைச் சுழலவிடுகிறார். நாஸ் வரிக் கடைசியில் மட்டுமின்றி நடுவிலும் இயைபை அடுக்குகிறார். வாக்கியம் வரியைத் தாண்டி ஓடுகிறது. போன் ஸ்பீக்கரில் பேஸ் கரைந்துவிடும், ஹெட்போன் அவசியம்.

மூன்றாவது தடத்தின் இறுதியில் வரும் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) நாஸின் அப்பா ஒலு டாரா வாசித்தது. இதே ஆல்பத்தில் உள்ள ‘ஹாஃப்டைம்’ பாட்டு 1992-லேயே தனியாக வெளிவந்தது. அதன் முரட்டுத்தனம் தனியாகத் தெரியும். ‘ஒன் லவ்’ சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம். அதை மட்டும் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள்.