ஹைட்டி: அடியாட்கள் கையில் போன நாடு (கேள்வி பதில்)

கேள்வி: கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா சார்?

பதில்: பெயருக்கு இருக்கிறது. அதிபர் ஜோவெனல் மோய்ஸை 2021 ஜூலையில் வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2023 ஜனவரியில் மிச்சமிருந்த 10 செனட்டர்களின் பதவிக்காலமும் முடிந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் என்று சொல்ல நாட்டில் ஒருவரும் இல்லை.

கேள்வி: போலீஸ் இருந்தும் கும்பல்களுக்கு இவ்வளவு தைரியம் எப்படி?

பதில்: வளர்த்துவிட்டதே அரசியல்வாதிகள்தான். குடிசைப் பகுதியில் ஓட்டுத் திரட்ட, எதிராளியின் ஊர்வலத்தைக் கலைக்க ஆள் வேண்டியிருந்தது. 2018 நவம்பரில், தலைநகரின் லா சலீன் குடிசைப் பகுதியில் குறைந்தது 71 பேர் கொல்லப்பட்டார்கள். ஊழலுக்கு எதிராகப் போராடக் கிளம்பிய பகுதி அது. இதற்காக 2020-ல் அமெரிக்கா தடை விதித்த மூவரில் இருவர் மோய்ஸ் அரசின் அதிகாரிகள். மூன்றாமவர் ஜிம்மி ஷெரிசியே. சம்பவத்தின்போது போலீஸ்காரர், இன்று ‘பார்பிக்யூ’ என்ற பட்டப்பெயரில் உலகம் அறிந்த கும்பல் தலைவர்! அப்புறம் ஆள்கடத்தல், சாலை வசூல் என்று சொந்த வருமானம் வந்ததும் பழைய எஜமானர்களின் தயவு தேவைப்படவில்லை.

கேள்வி: துப்பாக்கி எங்கிருந்து வருகிறது?

பதில்: பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, அதிலும் புளோரிடாவிலிருந்து, சரக்கோடு சரக்காக.

கேள்வி: தெருச்சண்டையால் ஓர் அரசே முடங்குமா? மிகையாகத் தெரிகிறதே.

பதில்: 2022 செப்டம்பரில் ஷெரிசியேயின் ஆட்கள் வாரோ எரிபொருள் முனையத்துக்குப் போகும் வழியில் பள்ளம் வெட்டி, கன்டெய்னர்களைக் குறுக்கே போட்டார்கள். நாட்டின் டீசலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போக வேண்டும். கரண்டை நம்ப முடியாத ஊர், ஆஸ்பத்திரி ஓடுவது ஜெனரேட்டரில். டீசல் நின்றதும் குடிநீர் லாரியும் நின்றது. அக்டோபரில் காலரா திரும்பி வந்தது. தெற்கே போகும் நெடுஞ்சாலையோ, தலைநகரின் மார்ட்டிசான் பகுதி அருகே 2021 ஜூன் முதலே கும்பல்களின் பிடியில். சரி, தேர்தல் வைத்தாலும் வாக்குப்பெட்டியை அந்த வழியாகக் கொண்டுபோக யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: வெளிநாட்டுப் போலீஸ் போனதே, என்ன ஆயிற்று?

பதில்: அந்தப் போலீஸை அழைத்துவர ஒப்பந்தம் போடத்தான் 2024-ல் பிரதமர் ஏரியல் ஹென்றி கென்யா போனார். அந்த நேரம் பார்த்து, அதுவரை தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த கும்பல்கள் ஒன்றுசேர்ந்து தலைநகரின் சிறையை உடைத்தன. ஏறக்குறைய 4,000 கைதிகள் வெளியே வந்தார்கள். விமான நிலையமும் மூடப்பட்டது. ஊர் திரும்ப வழியில்லாமல் புவேர்ட்டோ ரிக்கோவில் இறங்கிய பிரதமர், அங்கிருந்தபடியே பதவி விலகுவதாக அறிவித்தார். கென்யப் போலீஸ் ஜூனில் வந்தது. 2,500 பேர் வருவதாகப் பேச்சு, வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. அந்த ஒரே ஆண்டில் 5,600-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்குச் சொல்கிறது.