வரிகளை மட்டும் அனுப்பினால் பாட்டு போய்ச் சேராது

கேள்வி: எங்கள் கிறிஸ்தவ சபையில் இளையவர்களுக்குப் பழைய பாமாலையும் (மேனாட்டு மெட்டில் பாடுவது) கீர்த்தனையும் (ராக தாளத்தில் பாடுவது) தெரியவில்லை. தினம் ஒரு பாட்டை வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறேன். கடினமான சொற்களை எளிதாக மாற்றி, நீளமான பாட்டுகளை இரண்டு சரணத்தோடு முடித்துவிடுகிறேன். ஆனாலும் யாரும் பாடக் காணோம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் அந்தத் திருத்த வேலையை நிறுத்துங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ‘சருவ லோகாதிபா நமஸ்காரம்’ பாட்டையே பாருங்கள். இரண்டாம் சரணத்தில் ‘தரணியின் மானிடர்’ என்று தொடங்கும் அடிக்கு அடுத்து ‘தருவினில் மாண்டோய்’ என்று வருகிறது. ‘தரு’ இக்காலப் பிள்ளைகளுக்குப் புரியாதே என்று ‘சிலுவையில்’ எனப் போட்டால் பொருள் கெடாது, பாட்டு கெடும். தரணி, தரு இரண்டிலும் முதலெழுத்து ஒன்று, இரண்டாமெழுத்து ரகர வருக்கம். மோனை, எதுகை இரண்டும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. பாடுகிறவருக்கு அடுத்த அடியை நினைவூட்டுவதே அந்த ஓசைதான். அதை எடுத்துவிட்டால் புத்தகம் இல்லாமல் பாட வராது. அருஞ்சொல்லை அப்படியே விட்டு, பாட்டின் கீழே ‘தரு: மரம், இங்கே சிலுவை’ என்று ஒரு வரி சேருங்கள். அது போதும்.

இரண்டு சரணத்தோடு முடிப்பது இன்னும் மோசம். அதே பாட்டில் முதல் சரணம் பிதாவுக்கு, இரண்டாவது குமாரனுக்கு, மூன்றாவது பரிசுத்த ஆவிக்கு, கடைசி மூவரும் ஒருவரான திரியேகருக்கு. நீங்கள் வெட்டினால் ஆவியானவருக்கு நமஸ்காரமே இல்லை. நேரமில்லாவிட்டால் ஆராதனையில் குறைத்துப் பாடுங்கள். அனுப்பும் பிரதியில் எல்லாச் சரணமும் இருக்க வேண்டும்.

யாரும் பாடாததற்குக் காரணம் வேறு. மெட்டு தெரியாதவருக்கு வரிகளை மட்டும் அனுப்புகிறீர்கள். கீர்த்தனையானால் தலைப்பின் கீழே ராகமும் தாளமும் வேண்டும். அச்சுப் புத்தகத்தில் சரணத்தின் முடிவில் ஒரு கோடு போட்டுப் பல்லவியின் முதற்சொல்லைக் கொடுத்திருப்பார்கள். எங்கே பல்லவிக்குத் திரும்புவது என்பதற்கான குறிப்பு அது. தட்டச்சு செய்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான். ஆளுக்கொரு இடத்தில் பல்லவியை எடுப்பதும் அதனால்தான்.

பாமாலையின் கதை வேறு. 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்த காலம் தொட்டு, பின்னர் பப்ரிசியஸ் (1711–1791) போன்ற மிஷனரிகள் கையில், ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தப்பட்டது. ஆகவே மெட்டின் பெயரும் 8.6.8.6 போன்ற அளவும் தலைப்பிலேயே இருக்கட்டும். இந்த எண்கள் ஒவ்வொரு வரியிலும் எத்தனை ஒலித்துண்டு (ஆங்கிலத்தில் ‘சிலபிள்’) என்பதைச் சொல்பவை. யாப்பிலக்கண அசையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அளவு ஒன்றாக இருந்தால் மெட்டை மாற்றிப் பாடலாம் என்பார்கள். பாடலாம்தான். ஆனால் குறில் நீண்ட சுரத்திலும் நெடில் ஓடும் சுரத்திலும் விழுந்தால் சொல் சிதையும். 1551-இல் ஜெனீவாவில் அச்சான ‘ஓல்டு ஹண்ட்ரட்’ என்ற மெட்டு 8.8.8.8 அளவுடையது. அதில் அந்த அளவுள்ள பாட்டு எதையும் ஏற்றலாம் என்று துணியுமுன், ஒரு சரணமாவது வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

தினம் ஒன்று வேண்டாம், வாரம் ஒன்று போதும். ஞாயிறு ஆராதனையில் பாடப்போவதைத் திங்கட்கிழமையே அனுப்புங்கள். கூடவே பல்லவியும் ஒரு சரணமும் பாடிய ஒலிப்பதிவு வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆர்மோனியத்திலிருந்து தள்ளி, பாடுகிறவருக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில் கைபேசியை வையுங்கள். முதலில் சுருதி, பிறகு பாட்டு. பாடகர் குழுவின் சுருதியில் பதிவு செய்தால் சபைக்கு மேல்சுரம் எட்டாது. ஒரு கட்டை இறக்குங்கள். பதிவை ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் ஒலித்தரம் குறையாது.

வரிகளைப் புகைப்படமாக அனுப்பாமல் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், தேடினால் கிடைக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றினால் பழைய ணை, லை, னை, றா எல்லாம் தப்பாக விழும். ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்புநோக்குங்கள். கைபேசித் திரையில் நீண்ட வரி தானாக மடங்கும், மூச்சு தப்பான இடத்தில் போகும். ஆகவே பாடும்போது நிறுத்துகிற இடத்தில் நீங்களே வரியை உடையுங்கள். பாட்டு எண்ணை மட்டும் போடாதீர்கள். பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் தனித்தனி எண், பதிப்புக்குப் பதிப்பும் மாறும்.

எழுதியவர் பெயரை விடாதீர்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை (1827–1900) பாட்டுகளைத் தாராளமாகப் பகிரலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த பாட்டுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அதே பாட்டை ஒரு நிறுவனம் பதிவு செய்து வெளியிட்டிருந்தால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. குறுந்தகட்டிலிருந்து எடுத்துப் போடாமல், உங்கள் சபையாரையே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள்.